அம்பு ஸ்டிக்கர்

எங்கள் வீட்டில் எங்கே பார்த்தாலும் ஒரு அம்பு ஒட்டியிருக்கும். பீரோக் கதவில் ஒன்று, தண்ணீர்க் குடத்தின் கழுத்தில் ஒன்று, அப்பாவின் செருப்படியில் ஒன்று. ஒரு தடவை ரசத்தில்கூட மிதந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய சிவப்பு ஸ்டிக்கர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே மேசைமேல் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைக் காட்டும்படி ஒரு அம்பை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் டெய்லரிடமோ கறை எடுப்பவரிடமோ திரும்பிப் போகும். சரியே ஆகாதது ரிஜக்ட். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் சேலையிலும் தலைமுடியிலும் நாலைந்து அம்புகள் தொற்றிக்கொண்டு கூடவே வந்துவிடும்.

எங்கள் ஊர் வேலம்பாளையத்தில் இது ஒரு விசேஷமே இல்லை. என் வகுப்பில் பாதிப் பேருடைய அம்மாக்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். அம்பு ஒட்டினால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அது என் வகுப்புப் பெண்களுக்கு அவ்வளவு வசதியாகப் போயிற்று.

ஒன்பதாம் வகுப்புக்குப் போன புதிதில் என் பின்கழுத்தில் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. வெண்புள்ளி. டாக்டர் பார்த்துவிட்டு, வலிக்காது, யாருக்கும் ஒட்டாது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வது டாக்டருக்குச் சுலபம். அவர் எங்கள் வகுப்பில் உட்காரப் போவதில்லையே. திட்டு இருந்தது கண்ணாடியில் எனக்கே தெரியாத இடத்தில். அதைத் தினமும் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எனக்குத் தலை வாரிவிடும் அம்மா. இன்னொருத்தி எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்.

அம்மா சடையை இறக்கிப் பின்ன ஆரம்பித்தாள். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டுவதுதான் பள்ளிக்கூட விதி. அதற்குள்ளேயே எப்படியோ முடியைத் தளர்த்தி, மடிப்பைத் தாழ்த்தி, கழுத்து தெரியாதபடி செய்துவிடுவாள். பின் பெஞ்சுக்காரி ஒரு பேனாவால் அந்தச் சடையை விலக்கிப் பார்த்தாள்.

முதல் அம்பை நான் பார்க்கவில்லை. காலையிலிருந்து பின்னால் அடக்கின சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. மதியம் சாப்பிடப் போகும்போது, "ஏய், ஆல்டர் பீஸ் வருது, வழி விடுங்க" என்றாள் ஒருத்தி. சரிசெய்யத் திருப்பி அனுப்பும் பீஸுக்குக் கம்பெனியில் ஆல்டர் என்று பெயர். கையை வளைத்து முதுகைத் தடவினேன். காலருக்குக் கீழே, நேராகக் கழுத்தைப் பார்த்து ஒரு அம்பு ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து ஆல்டர்தான் என் பெயர். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் வேறு பெயர். பக்கத்தில் உட்காருகிறவள், "ஒட்டிக்கும்னு எங்கம்மா சொல்லுச்சு" என்று தண்ணீர் பாட்டிலை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். அம்பு ஒட்டிய பின் பெஞ்சுக்காரியின் அம்மாவும் ஒரு கம்பெனியில் செக்கிங்தான். அவளும் எங்களைப் போலவே வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தாள், என்னைப் போலவே இரண்டு யூனிபார்மைத் துவைத்துத் துவைத்துப் போட்டாள். நன்றாகப் பாடுவாள். பெரிய கொடுமைக்காரி என்று அவளைத் திட்டுவதற்கு இப்போது எனக்குத் தெம்பில்லை. என் முதுகைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான்.

தினமும் பள்ளி விட்டதும் முதுகைத் தடவி உரித்துப் போடுவேன். கை எட்டாத இடத்தில் ஒன்று தங்கிவிடும். துவைக்கும்போது அது அம்மாவின் கண்ணில் பட்டது.

"அட, என்ற சேலைல இருந்து உன்ற துணில ஏறிக்கிச்சு பாரு. கெரகம் புடிச்ச ஸ்டிக்கரு" என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் எந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். மகள் துணியில் அம்பு இருந்தால் அது அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அம்மா வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே சேலையை உதறினாள். தலையை ஒருமுறை கோதிப் பார்த்தாள். தண்ணீர் வராத நாட்களில்கூடத் தன் துணிக்கு ஒரு வாளி, என் துணிக்கு ஒரு வாளி என்று பிரித்து ஊறவைத்தாள். அப்படியும் என் யூனிபார்மில் அம்பு வந்தது. "எப்படித்தான் வருதோ தெரீல" என்று அலுத்துக்கொண்டு இன்னும் பலமாக உதறினாள்.

நான் அதைத் திருத்தவில்லை. காலையில் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, வீங்கின காலோடு இருட்டின பிறகு வந்து, நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறவளிடம் என்னவென்று ஆரம்பிப்பது? ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். மறுநாள் அவள் இன்னும் களைத்து வருவாள்.

ஆனால் உடம்பு சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் சோறு இறங்காது. படித்தது எதுவும் தலையில் நிற்காது. ராத்திரி கண்ணை மூடினால் முதுகில் யாரோ விரல் வைப்பது மாதிரி இருக்கும், திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஏன் இப்படி ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, வயசு அப்படி என்று அம்மா பதில் சொன்னது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நூலளவு தையல் விட்டால் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியவில்லையா?

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு கம்பெனியில் ஆர்டர் இல்லை. பீஸ் வந்தால் சொல்லியனுப்புகிறோம் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வீட்டையே செக்கிங் செய்ய ஆரம்பித்தாள். பீரோ, குடம், கதவு, அப்பாவின் செருப்பு என்று ஒரு இடம் விடாமல் கரண்டியால் சுரண்டி எல்லா அம்பையும் எடுத்துக் கூட்டித் தள்ளினாள். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

சில நாள் கழித்துப் பள்ளியிலிருந்து வந்து யூனிபார்மைக் கழற்றிப் போட்டேன். அம்மா அதைத் துவைக்கிற கல்லுக்கு எடுத்துப் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், ஈரக்கையின் கட்டைவிரலில் ஒரு அம்பு ஒட்டியிருந்தது.

"கண்ணு, எனக்கு வேலையே இல்ல. இது எங்கிருந்து வந்துச்சு?"

"பஸ்ஸுல ஒட்டியிருக்கும்மா."

"பஸ்ஸுல ஒட்டினா கோணலாத்தான் ஒட்டும். இது நேரா நிக்குது. ஆரோ பாத்துப் பாத்து ஒட்டியிருக்கறாங்க."

சொல்லிக்கொண்டே யூனிபார்மின் முதுகைத் திருப்பினாள். அம்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் பார்வை மெல்ல மேலே போய் காலரில் நின்றது. பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். மேசைமேல் பீஸைப் பார்க்கும் அதே பார்வை. அம்பு காட்டும் இடத்துக்குத் தானாகவே போகும் கண் அது, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நொடியில் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"நீயும் அங்கதான பாக்கற!" என்று கத்தினேன். "தெனமும் சடைய எறக்கி எறக்கி மறைச்சுக் கட்டறயே, உனக்கும் இது டேமேஜ்தான? நானும் ஆல்டர் பீஸுதான உனக்கு?"

நான் நிறுத்தவில்லை. ஆல்டர் என்று கூப்பிடுவது, பாட்டிலை நகர்த்துவது, சடையைப் பேனாவால் விலக்குவது எல்லாவற்றையும் கொட்டினேன். இனிமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன், கம்பெனியில் கைமடிக்குச் சேர்த்துவிடு, டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன் என்றேன். அம்மா அந்த யூனிபார்மை அலசிப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் மாட்டினாள். அதன் பிறகும் கொடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்குப் பீஸ் மூட்டை ஏற்றிப்போகும் ஆட்டோ ஓட்டினார். சாதுவான மனிதர். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அந்தப் புள்ள ஊடு எங்கன்னு சொல்லு கண்ணு. நான் போய்ச் சத்தம் போட்டுட்டு வர்றேன்."

"வேண்டாங்கப்பா. அப்பறம் இன்னும் பண்ணுவாங்க."

"அப்ப விடு. போக வேண்டாம். படிச்சு மட்டும் என்ன, கடைசில எல்லாரும் கம்பெனிக்குத்தான் வர்றாங்க."

அப்பா என்மேல் இருந்த பாசத்தில்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அத்தோடு முடிந்திருக்கும். நானும் மறுவாரமே கைமடிக்குப் போயிருப்பேன்.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஒரு நா போகட்டும்" என்றாள். "சாயந்தரம் கேட்டுக்கிட்ட நான் வந்து நிக்கறேன். முடியலைன்னா அப்பச் சொல்லட்டும், கையோட கூட்டிட்டு வந்தர்றேன்."

மறுநாள் காலையிலேயே என்னோடு வந்து வகுப்பு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நல்லவர்தான், அறுபது எழுபது பிள்ளைகளைக் கட்டி மேய்த்து அலுத்துப் போனவர். "பொம்பளப் புள்ளைங்க வெளையாட்டுங்க. வேணும்னா இவளைக் கடைசி பெஞ்ச்ல உக்கார வைக்கறேன். பின்னால ஆளே இல்லைன்னா ஒட்ட முடியாதில்லைங்களா?" என்றார்.

"ஏனுங்க டீச்சர், ஒட்டுற புள்ளையக் கடைசில உக்கார வெக்கலாமில்லீங்க?" என்றாள் அம்மா. மரியாதையாகத்தான் கேட்டாள். டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பார்க்கிறேன் என்றார். பார்த்தார், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை திட்டினார். இரண்டு நாள் அம்பு இல்லை. மூன்றாம் நாள் இரண்டாக வந்தது.

வேலை இல்லாத நாட்களில் அம்மா சொன்னபடி கேட்டில் வந்து நின்றது பெரிதில்லை. கம்பெனிக்குப் பீஸ் வந்து வேலைக்குத் திரும்பிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. செக்கிங் மேசையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. சாப்பாட்டு நேரம் போக, உட்காரக் கிடைப்பது சாயந்தர டீ டைம் மட்டும்தான். பெண்கள் எல்லோரும் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடுவார்கள். எங்கள் பள்ளி விடுவதும் அதே நேரம். கம்பெனி இரண்டு தெரு தள்ளி. அம்மா டீயை விட்டுவிட்டு, உட்காருவதையும் விட்டுவிட்டு, பள்ளிக்கூட கேட்டுக்கு நடந்து வந்தாள். தினமும் வந்தாள்.

வந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. முடியெல்லாம் பஞ்சுத் தூசியாகக் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து நிற்பாள். நான் வந்ததும் திரும்பச் சொல்லி, தோளிலிருந்து இடுப்புவரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். "ஒண்ணும் இல்ல, போய்ச் சாப்பிடு" என்பாள். திரும்பி வேகமாக நடந்து கம்பெனிக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான்.

பல நாள் ஒன்றும் இல்லாமல் இல்லை. அவள் கை ஒரு இடத்தில் நிற்கும். ஸ்டிக்கர் உரியும் சத்தம் மெல்லிசாகக் கேட்கும். அதை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு, அதே குரலில், "ஒண்ணும் இல்ல, போய்ச் சாப்பிடு" என்பாள். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் குறை உள்ள பீஸைச் சரி என்று தள்ளிவிடாத ஆள் என்று கம்பெனியில் அவளுக்குப் பெயர். என்னிடம் தினமும் கூசாமல் பொய் சொன்னாள். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் முதுகைத் தடவிப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? வராதே என்று சண்டை போட்டேன். மறுநாளும் வந்தாள். தெற்கத்திக்காரரான வாட்ச்மேன், "என்னக்கா, டீயக்கூடக் குடிக்காம தெனமும் இங்க வந்து நிக்கிய?" என்று கேட்டார். "புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னுங்க" என்றாள். ஒருநாள் நான் வெளியே வரும்போது சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பின் பெஞ்சுக்காரி அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், என்ன நினைத்தாளோ, சொல்லாமல் போனாள். எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகு வராதே என்று சொல்லவில்லை.

இப்போது போனில் யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் மனம் விட்டுப் பேசுங்கள், நண்பரைப் போலப் பழகுங்கள், தரமான நேரம் ஒதுக்குங்கள். படிக்கும்போது எரிச்சலாக வருகிறது. எங்கள் வீட்டில் மனம் விட்டுப் பேச யாருக்குத் தெம்பு இருந்தது? அம்மாவிடம் மிச்சமிருந்தது ஒரு டீ டைம். அதைக் கொடுத்தாள். அது போதுமானதாக இருந்ததா என்று கேட்டால், அம்பு அதனால் நின்றுவிடவில்லை. ஆனால் கடைசிப் பீரியடில் பின்னால் சிரிப்பு கேட்கும்போது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட்டில் ஒரு ஆள் நிற்கும் என்று நினைப்பேன். காலையில் சோறு இறங்கியது. ராத்திரி தூக்கம் வந்தது. நாளைக்கு ஒரு நாள் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டிருந்தேன். கைமடிப் பேச்சை எப்போது விட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

இன்னொரு மாற்றமும் நடந்தது. துவைக்கிற கல் பக்கத்தில் நான் கத்தியதற்கு மறுநாள் காலையிலிருந்து, சீப்பை எடுத்ததும் அம்மா கேட்க ஆரம்பித்தாள்: "ஏத்திக் கட்டட்டுமா, எறக்கிக் கட்டட்டுமா?" இறக்கி என்பேன். இறக்கிக் கட்டுவாள். வேறு பேச்சே இல்லை. அந்த வருஷம் முழுக்க இதே கேள்வி, இதே பதில்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள், நல்ல வெயில் காலம். காலையிலேயே கழுத்தெல்லாம் வேர்த்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போலக் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தது.

"எப்படியோ கட்டும்மா."

"எப்படியோன்னா எப்படி? நீ சொல்லு."

"சரி, ஏத்தியே கட்டு."

தைரியம் வந்து சொல்லவில்லை, வெயில் தாங்காமல் சொன்னேன். சீப்பு ஒரு நொடி நின்றது. பிறகு அம்மா வகிடு எடுத்து, முடியை மேலே தூக்கி இறுக்கிப் பின்னி, மடித்து, காதுக்கு மேலே ரிப்பனை முடிச்சுப் போட்டாள். கழுத்தில் காற்றுப் பட்டது. அதுவரை கழுத்தில் காற்றே பட்டதில்லை போல இருந்தது.

அன்றைக்கு வகுப்பில் பார்த்தார்கள், பேசினார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, இன்னொருத்தி, "விடுடி, போரடிக்குது" என்றாள். அவர்களுக்கும் அலுத்துப் போயிருக்க வேண்டும். சாயந்தரம் கேட்டில் அம்மா நின்றாள். நான் கேட்காமலே முதுகைக் காட்டித் திரும்பினேன். உள்ளங்கை தோளிலிருந்து இடுப்புவரை போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை. உரியும் சத்தம் இல்லை. வழக்கமாக அத்தோடு கையை எடுத்துவிடுவாள். அன்று கை மறுபடி மேலே வந்து, காலரைத் தாண்டி, திறந்து கிடந்த கழுத்தில், அந்தத் திட்டின்மேல் அப்படியே படிந்து நின்றது. துணியைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப் போன, சூடான கை.

"ஒண்ணும் இல்ல கண்ணு" என்றாள். சாப்பிடு என்று சொல்லவில்லை. நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்து வேகமாகத் திரும்பிக் கம்பெனிக்கு நடந்தாள்.

அம்மாவுக்கு இப்போது கண் தெளிவில்லை. செக்கிங்கை விட்டுவிட்டாள். நான் படித்து முடித்து, பெருமாநல்லூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் இருக்கிறேன். திட்டு கழுத்தோடு நிற்கவில்லை, விரல்களுக்கும் உதட்டோரத்துக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள், தலையாட்டித் தலையாட்டி ஓய்ந்துவிட்டேன். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பின் பெஞ்சுக்காரியைப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்லாருக்கியா?" என்று சந்தோஷமாகக் கேட்டாள். அவளுக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. நல்லாருக்கேன் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், எப்போதும்போல அம்மா கையை நீட்டினாள். இப்போதெல்லாம் கண்ணால் பார்ப்பதில்லை, கைதான். நான் முதுகைக் காட்டி நின்றேன். தோளிலிருந்து இடுப்புவரை தடவினாள், கழுத்தில் ஒரு நொடி கையை வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல. உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.